ஏலக்காய்க் கம்பெனிக்கு ஒரு மீட்டிங் ரூம்

போடியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனிக்கு மீட்டிங் ரூம் அமைத்துக் கொடுத்தேன். எஸ்டேட்டில் இருப்பவர்கள் வாராவாரம் ஜீப் பிடித்து மலையிறங்காமல், அங்கிருந்தே வீடியோவில் பேச வேண்டும். எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி மேசை, நாற்காலி, கேமரா எல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

இன்றைக்கு முதல் மீட்டிங்.

முதலாளி ஒரு தட்டில் சாம்பிள் காயைக் கொட்டினார். அவ்வளவுதான். அத்தனை பேரும் எழுந்து தட்டைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருவர் உரிக்கிறார், ஒருவர் முகர்ந்து பார்க்கிறார். நாற்காலியில் நான் மட்டும்.

எஸ்டேட் மேனேஜர் அக்கா திரையிலிருந்து சொன்னார்: "அண்ணே, எங்களுக்கு உங்க முதுகுதான் தெரியுது. இதுக்கு நாங்க கீழயே வந்துர்றோம்."

வேறு வழி தெரியாமல் கேமராவைக் கழற்றித் தட்டுக்கு நேர் மேலே பிடித்தேன்.

"இப்பத் தெளிவா இருக்குண்ணே" என்ற அக்கா, தன் கேமராவையும் அங்கிருந்த தட்டுக்குத் திருப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு திரையில் ஒரு முகமும் இல்லை. ஏலக்காயும் விரல்களும்தான்.

"இந்தக் காயி வெளுத்திருக்கே."

"அத விடுங்க, பக்கத்துல இருக்கறதப் பாருங்க."

வாக்குவாதம் செய்தார்கள், சிரித்தார்கள், முடிவும் எடுத்துவிட்டார்கள். அதுவரை என் கை கேமராவோடு அந்தரத்திலேயே இருந்தது.

கிளம்பும்போது முதலாளி என் தோளைத் தட்டினார்.

"ரூமு அருமையா அமைஞ்சிருச்சு தம்பி. அடுத்த வாரமும் வெரசா வந்துருங்க, கேமராவப் பிடிக்கணும்ல."

இப்போது பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கிறேன். அந்த ரூமை அமைத்தவன் நானா, அதில் நானும் ஒரு ஸ்டாண்டா?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். டைப் செய்யக்கூட முடியாமல் கை வலிக்கிறது.