ஃப்ரொய்லைன் பூர்கியும் தடை செய்யப்பட்ட சொல்லும்

சுவிஸின் வின்டர்தூர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அங்கிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் காலைக் கோப்பியை நீட்டி, படித்த ஜெர்மனைக் காட்டும் ஆசையில் "ஃப்ரவ் பூர்கி" என்றேன்.

"நான் ஃப்ரொய்லைன்" என்று திருத்தினார் அவர்.

ஃப்ரவ் என்றால் திருமதி, ஃப்ரொய்லைன் என்றால் செல்வி. யாழ்ப்பாணத்தார் அதோடு சும்மா இருப்போமா? "ஏன் நீங்கள் கலியாணம் கட்டேல்லை?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "கட்டினா ரீச்சர் வேலையை விடோணும். அப்ப சட்டம் அப்பிடி. ஒருத்தர் வந்து கேட்டவர்தான். எனக்குப் பள்ளிக்கூடம் போதுமெண்டு சொல்லிப்போட்டன்."

சில காலம் கழித்து ஸபீனா எங்கள் மாடிக்குப் பொறுப்பாக வந்தார். நல்ல பிள்ளை, கொள்கைதான் கொஞ்சம் கூடுதல்.

"இனி இங்க ஒருத்தரும் ஃப்ரொய்லைன் எண்டு சொல்லக்கூடாது" என்றார். "கலியாணம் கட்டாட்டி அரைப் பொம்பிளை எண்டு இளக்காரம் பண்ணின சொல் அது. என்ர அம்மா தான் வேலை செய்த கந்தோரில அதுக்காகச் சண்டை பிடிச்சவ."

அவர் சொன்னதும் நியாயம்தான். அரசாங்கமே அந்தச் சொல்லை எப்போதோ கைவிட்டுவிட்டது. பூர்கிக்குத்தான் யாரும் அறிவிக்கவில்லை.

அன்றிலிருந்து ஃப்ரவ் என்று கூப்பிட்ட எவரையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்தும் வாங்கவில்லை. தன் பெயரே அவருக்கு மறந்துவிட்டது என்று ஸபீனா முடிவுகட்டினார். மறதி நோயாளரை வைத்திருக்கும் கீழ்மாடிக்கு மாற்றலாம் என்று பேச்சு வந்தது. அங்கே கதவு எப்போதும் பூட்டியிருக்கும்.

சோதிக்க டொக்டர் வந்தார். "ஃப்ரவ் பூர்கி, இண்டைக்கு என்ன கிழமை?" பூர்கி சுவரைப் பார்த்தார்.

"டொக்டர், ஏன் கலியாணம் கட்டேல்லை எண்டு கேட்டுப் பாருங்கோ" என்றேன். ஸபீனா என்னை முறைத்தார். டொக்டர் கூச்சத்தோடு கேட்டார்.

பூர்கி எல்லாவற்றையும் சொன்னார். பள்ளிக்கூடம், சட்டம், பெண் கேட்டவர், அவருடைய சைக்கிளின் நிறம்கூட. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்ட ஸபீனா, தன் தாய் பட்டதையும் சொன்னார். பிறகு மெல்ல, "ஃப்ரொய்லைன் பூர்கி, மருந்து போடுவமோ?" என்றார்.

பூர்கி மருந்தை விழுங்கிவிட்டு ஸபீனாவின் கையில் தட்டிக்கொடுத்தார். "என்னை அப்பிடியே கூப்பிடும். உம்மை ஆரும் அப்பிடிக் கூப்பிட்டா, அம்மா மாதிரிச் சண்டை பிடியும்."

கீழ்மாடிப் பேச்சு அத்தோடு நின்றது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆளைக் குளிப்பாட்டுவதற்கு முன், எப்படிக் கூப்பிடட்டும் என்று ஆளிடமே கேளுங்கள். அந்தப் பெயருக்காக அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது மேலிடத்துக்குத் தெரியாது.