நேரலையில் வந்த வீட்டுக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் லோக்கல் கேபிள் டி.வி.யில் என் முகத்தைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இருந்தால் மன்னிக்கவும். எனக்கு மேக்கப் போட்டவர் கல்யாணப் பெண்களுக்கு மட்டுமே போட்டுப் பழகியவர்.

விஷயம் இதுதான். இத்தனை வருஷமாக வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் அரட்டை அடித்துக்கொண்டிருந்த நான், சத்தம் போடாமல் ஒரு நாவல் எழுதிவிட்டேன். அன்று மாலை சிதம்பரத்தில் வெளியீட்டு விழா. என்னுடையது ஒன்று, ஸ்டெல்லா என்கிற பள்ளிக்கூட டீச்சருடையது ஒன்று – ஆக இரண்டு நாவல்கள். விழாவுக்குக் கூட்டம் சேர்க்கத்தான் இந்த நேரலைப் பேட்டி. நேயர்கள் போன் செய்து கேள்வி கேட்கலாம் என்றார்கள்.

யாருமே செய்யாவிட்டால்...?

அந்தப் பயத்தில் முதல் நாளே என் மச்சானைக் கூப்பிட்டு, 'இவ்வளவு ஆழமான நாவலை எப்படி சார் எழுதினீங்க?' என்று கேட்கும்படி மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன்.

ஸ்டுடியோ மஞ்சக்குப்பத்தில், ஒரு செல்போன் கடையின் மாடியில். எங்களுக்குப் பின்னால் துணியில் வரைந்த பெரிய அருவி. சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். அருவிக்கு முன்னால் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டெல்லா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ன டீச்சர், கேமரான்னா பயமா?"

"கேமரா என்ன சார் பண்ணப் போவுது. எங்க வீட்டுக்காரர் பாத்துட்டா என்ன பண்றதுன்னுதான்..."

கணவர் ஆரோக்கியராஜ், செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசர். 'ம்' என்ற ஓரெழுத்திலேயே குடும்பம் நடத்துகிறவர் என்று ஸ்டெல்லா சொல்லியிருந்தார்.

ஸ்டெல்லாவின் நாவல் என்ன? கடலூரிலிருந்து தினமும் சிதம்பரத்துக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிற ஒரு பெண். 'இன்னைக்கு என்ன குழம்பு?' என்பதைத் தவிர வேறெதுவும் பேசாத புருஷன். ஒருநாள் அவள் சிதம்பரத்தில் இறங்கி, ஆபீசுக்குப் போகாமல் கடலோரத்தில் இருக்கிற கிள்ளைக்கு பஸ் ஏறிவிடுகிறாள். கரையில் உட்கார்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அத்தோடு கதை முடிந்துவிடுகிறது.

புரிகிறதல்லவா, கைக்குட்டை ஏன் அந்தப் பாடுபட்டது என்று?

"அவுங்க கதை பொஸ்தகமெல்லாம் தொட மாட்டாங்க சார். அந்த தைரியத்துலதான் எழுதினேன். டி.வி. பாப்பாங்களேன்னு இப்பதான் உறைக்குது."

பேட்டி தொடங்கியது. தொகுப்பாளினி வனிதா உற்சாகமான பெண். "உங்க எழுத்துப் பயணம் எப்படி ஆரம்பிச்சுது?" என்று என்னிடம் கேட்டார். நான் என் பிறப்பிலிருந்து தொடங்கினேன். ஐந்தாம் வகுப்பை நெருங்கும்போது கேமராமேன் கொட்டாவி விட்டதைப் பார்த்து, சட்டென்று முடித்துக்கொண்டேன்.

ஸ்டெல்லாவிடமும் அதே கேள்வி.

"பஸ்லதாங்க ஆரம்பிச்சுது. ஜன்னல் சீட் கெடைச்சா எழுதுவேன். கெடைக்கலைன்னா நின்னுக்கிட்டே யோசிப்பேன்."

அவ்வளவுதான். மூன்றே வாக்கியம். கேமராமேன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முதல் போன் மணி அடித்தது. மச்சான்தான் என்று நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"ஹலோ, யார் பேசுறீங்க?" என்றார் வனிதா.

"செம்மங்குப்பத்துலேருந்து... ஒரு வாசகர்." கரகரப்பான ஆண் குரல். "டீச்சர் மேடத்துக்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

கைக்குட்டை கீழே விழுந்தது.

"வீட்ல அந்தப் பொஸ்தகம் ஒண்ணு கெடந்துச்சு. எடுத்துட்டுப் போயி, கேன்டீன்ல உக்காந்து முழுசா படிச்சேன். அந்தப் பொண்ணு கிள்ளையில உக்காந்துருக்குதே மேடம்... வீட்டுக்குத் திரும்பி வந்துச்சா, இல்லையா?"

ஸ்டெல்லா என் பக்கம் சாய்ந்து, மெதுவாகக் கிசுகிசுத்தார். "சார், எங்க வீட்டுக்காரர்."

மெதுவாகத்தான். ஆனால் புடவையில் குத்தியிருந்த மைக்குக்கு அது தெரியுமா? கடலூர் முழுக்கக் கேட்டுவிட்டது.

ஸ்டெல்லாவே சமாளித்துக்கொண்டு பேசினார்.

"அது... படிக்கிறவுங்களே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன். நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்?" – இது வகுப்பறைக் குரல்.

"அந்தாளு போயிக் கூப்பிட்டுருப்பான்னு நெனைக்கிறேன். அவனுக்குப் பேசத்தான் வராது. பஸ் ஏறத் தெரியும்ல?"

லைன் கட்.

அப்புறம் ஓயவே இல்லை, போன். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா லைனில் வந்தார். "எங்க வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு. போன்ல அவ்ளோ பேச்சு பேசுவாரு. லீவுல வந்தா வாயே தொறக்க மாட்டாரு. அவரையும் எழுதுங்க டீச்சர்" என்றார். ரிடையர்டு தாசில்தார் ஒருவர், தன் மனைவி கேட்கச் சொன்னதாகச் சொல்லி, கிள்ளைக்கு பஸ் டைமிங் கேட்டார்.

கடைசியில் என் மச்சானுக்கும் லைன் கிடைத்தது. மறுபடியும் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"டீச்சர், அந்த அண்ணன் கெளம்பிட்டாரான்னு தெரியுமா?"

மாமாவின் நாவல்? ஆழம்? அவனுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் படியிறங்கினால், செல்போன் கடை வாசலில் ஃபேக்டரி யூனிஃபார்மோடு ஒருவர் பைக்கில் காலூன்றி நிற்கிறார். காதெல்லாம் சிவந்திருந்தது.

"பர்மிஷன் போட்டுட்டேன். ஏறு."

"எங்கங்க?"

"கிள்ளைக்கு."

"சாயங்காலம் விழா இருக்குதுங்க."

"சிதம்பரத்துலதான? அதுக்குள்ள வந்துரலாம்."

ஸ்டெல்லா ஏறி உட்கார்ந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வண்டி கிளம்பியது. நான் நடுரோட்டில் நின்று கைதட்டினேன். செல்போன் கடைக்காரரும் சேர்ந்து தட்டினார். அவரும் டி.வி. பார்த்திருக்கிறார்.

எழுதுகிறவர்களுக்கெல்லாம் ஆயிரம் வாசகர்கள் வேண்டும் என்று ஆசை. ஆனால் நாம் பயப்படுவது என்னவோ வீட்டிலிருக்கிற அந்த ஒரே ஒருவருக்குத்தான். ஒருவேளை, எழுதுவதே அவர் படிக்கத்தானோ?

மாலையில் சிதம்பரம் தெற்கு வீதி ஹாலில் உட்கார இடமில்லை. வந்தவர்கள் யாரும் எழுத்தாளரைத் தேடவில்லை. "அவரு வந்துட்டாரா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டு பேரும் தாமதமாக, ஆளுக்கொரு சுண்டல் பொட்டலத்தோடு வந்தார்கள். புடவை விளிம்பில் ஈரம். அவருடைய பேன்ட்டில் முழங்கால் வரை சேறு. ஹாலே எழுந்து நின்று கைதட்டியது.

பதிப்பாளர் மைக்கை ஆரோக்கியராஜ் கையில் திணித்து, "டீச்சர் அடுத்த நாவல் எழுதலாமா சார்?" என்று கேட்டார்.

மனிதர் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"எழுதட்டும். அதுல புருஷன்காரனுக்குக் கொஞ்சம் டயலாக் குடுக்கச் சொல்லுங்க."

அந்தச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிடம், என் மனைவி என் நாவலைக் கையில் எடுத்திருக்கிறார். மூன்றாவது அத்தியாயம் வரை சிரிப்புச் சத்தம் கேட்டது... நான்காவதில்தான் கதாநாயகனின் மனைவி வருகிறாள். இப்போது கேட்கவில்லை!