அடைபட்ட மூடியின் கீழே

தாமரைச்செல்வி ஈரோட்டில் மெக்கானிக்கல் படித்தவள். அமெரிக்காவில் பார்சிப்பனி நகரத்து ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். வேலை அனுமதியைப் புதுப்பிக்க விண்ணப்பித்தது வந்து சேராமல், போன குளிர்காலத்தோடு அந்த வேலை நின்றுபோனது. கணவன் சபரிநாதனின் கிரீன் கார்டு வரிசையும் நகரவில்லை.

"கொஞ்சம் வெயிட் பண்ணு செல்வி, வந்துரும்" என்பான் சபரி. அவன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, மான்மவுத் ஜங்ஷன் வீட்டில் அவளுக்குத் துணை வாசலில் நின்ற படகுதான்.

படகு சபரியின் ஆசை. யாரோ வேண்டாமென்று விட்டதை ட்ரெய்லரோடு இழுத்துவந்தான். சீக்கிரமே ஆசையும் தீர்ந்துபோனது. அவள்தான் அதைக் கையில் எடுத்தாள். உப்புத் தண்ணீரில் கிடந்த படகு. ஸ்க்ரூக்களெல்லாம் இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடுகாட்டி, தட்டித் தட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முன்தளத்தில் ஆள் இறங்கும் திறப்பின் மூடி மட்டும் மசியவில்லை. பழைய சொந்தக்காரர் அதை ஆறு ஸ்க்ரூ போட்டு ஒரேயடியாக அடைத்துவிட்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை, அந்த ஸ்க்ரூக்களுக்கு அடியில் நட்டு இருக்கிறதா என்று பார்க்க, முன்பக்கத்து இடுக்குக்குள் தவழ்ந்து போனாள். மேலிருந்து உதவலாமென்று சபரி முன்தளத்தில் ஏறினான். அவன் பாரத்தில் ட்ரெய்லர் முன்பக்கம் சாய்ந்து, படகின் மூக்கு சட்டென்று தாழ்ந்தது. காலையில் அவளே பிணைப்புப் பட்டையைக் கழற்றி வைத்திருந்த படகின் தண்ணீர் டாங்க் சரிந்து வந்து, அவள் நுழைந்த வழியில் செருகிக்கொண்டது.

காலால் உதைத்தாள். பாதித் தண்ணீரோடு இருந்த டாங்க் அசையவில்லை. திரும்பிப் படுக்கவும் இடமில்லை. மேலே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

சபரி கீழே குதித்து, பின்னாலிருந்து டாங்கை இழுத்துப் பார்த்தான். கைப்பிடி ஒடிந்து கையோடு வந்தது.

"செல்வி, நயன் ஒன் ஒன் கூப்புட்டுட்டேன். ரெஸ்க்யூ ஆளுங்க வந்துட்டிருக்காங்க. கொஞ்சம் வெயிட் பண்ணு!"

"அந்த வார்த்தையச் சொல்லாதீங்க!" என்று உள்ளிருந்து கத்தினாள். கத்தியதில் மூச்சு வாங்கியது. "மூடியக் கழட்டுங்க. எனக்கு மூச்சு முட்டுது."

சபரிக்கு ஸ்க்ரூ டிரைவரை நேராகப் பிடித்துக்கூடப் பழக்கமில்லை. மறுபடி முன்தளத்தில் ஏறி, அவள் சொல்லச் சொல்லச் செய்தான்.

"உடனே திருப்பாதீங்க, தலை வழுக்கிரும். முதல்ல சுத்தியல்ல அடிங்க. இப்ப கொஞ்சம் டைட் பண்ணுங்க. அப்புறம் லூஸ் பண்ணுங்க."

தளத்தைத் துளைத்து உள்ளே நீட்டியிருந்த ஸ்க்ரூ நுனிகளில் அவள் விரலை வைத்திருந்தாள். ஒரு நுனி மெல்லச் சுழன்றது.

"வருதுங்க! இது வருது!"

ஐந்து வந்தன. ஆறாவதின் தலை மழுங்கிவிட்டது. "முடியல செல்வி" என்று சபரி அழுதான்.

"டிரில் எடுத்துத் தலையத் துளைச்சுருங்க. நான் முகத்தை மூடிக்கறேன்."

ஸ்க்ரூ கழன்ற துளைகள் வழியே இரும்புத் தூள் அவள் கழுத்தில் சுடச்சுடக் கொட்டியது. ஸ்க்ரூவின் தலை தெறித்தது. மூடியை நெம்பித் திறந்து அவளை அவன் மேலே தூக்கிய பிறகுதான் சைரன் தெருமுனைக்கு வந்தது.

உதவிக்கு வந்தவர்கள் போன பிறகு இருவரும் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். "இந்தச் சனியனே வேண்டாம், வித்துரலாம்" என்றான் சபரி.

"படகு கெடக்கட்டும். கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் போறேனுங்க."

"போனா திரும்பி வர்றதுக்கு விசா ஸ்டாம்பிங் கிடைக்குமான்னே தெரியாதே."

"அது எனக்கும் தெரியுமுங்க. இங்க இருந்தா மட்டும் என்ன தெரியுது?"

அவன் வாயைத் திறந்தான். 'வெயிட் பண்ணு' என்ற பழைய பதில் நாக்குவரை வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு அவள் கழுத்தில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்துவிட்டான்.

ஆகஸ்டில் அவள் கிளம்பினாள். வரிசையை விட்டு வர மனமில்லாமல் சபரி அங்கேயே இருக்கிறான். கோவையில் அவளுடைய ஆபீஸ் நாலாவது மாடியில் இருக்கிறது. லிஃப்டின் கதவு மூடுவதை அவளால் தாங்க முடிவதில்லை. தினமும் படியேறித்தான் போகிறாள்.