பன்னிரண்டாவது நாற்காலி

இந்த வருடம் பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவத் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் நானும் இருந்தேன். இப்போதெல்லாம் பெண்களையும் உட்கார வைக்கிறார்கள். ஃபாதர் கேட்டதும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் நான் செய்த முதல் வேலை, குளியலறையில் உட்கார்ந்து குதிகாலைக் கல்லால் தேய்த்தது. ஒரு கால் முடிந்து மறுகாலுக்குப் போகும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரத்தம் எங்கே போகும்? எங்கள் பெரியப்பாவும் இப்படித்தான் தேய்ப்பார்.

இயேசு கடைசி இராவுணவின்போது சீடர்களின் காலைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்து அன்றைக்கு மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். நான் சிறுமியாக இருந்த காலத்தில் குன்னூரில் எங்கள் கோயிலில் அந்தப் பன்னிரண்டு பேரும் ஆண்கள்தான், அதிலும் ஊரில் நாலு பேர் வணக்கம் சொல்கிற ஆண்கள். பெரியப்பா தேயிலை ஏலக் கம்பெனி ஒன்றில் பெரிய குமாஸ்தா. வருடா வருடம் முதல் நாற்காலி அவருக்கு. அது சீடர்களுக்குத் தலைவரான இராயப்பர் இடம் என்று அவரே எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு வந்துவிட்டால் வீட்டில் பெரியப்பாவின் காலைத் தவிர வேறு பேச்சே இருக்காது. சாயங்காலமானால் உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊற வைப்பார். பெரியம்மா கல்லும் துண்டுமாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். பிறகு தேங்காய் எண்ணெய், அதன்மேல் கம்பளி சாக்ஸ். வியாழக்கிழமை மட்டும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோயிலுக்கு ஜீப் பிடித்துப் போவார், வழியில் மண் பட்டுவிடக் கூடாதே. கழுவப்போகிற காலை இவ்வளவு கழுவுவானேன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மற்ற பதினொரு வீடுகளிலும் அந்த வாரம் இதே கூத்துதான் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு அந்த நாற்காலியின் மேல் கொள்ளை ஆசை. வெள்ளித் தட்டு, வெள்ளைத் துண்டு, சாமியாரே முழங்காலிட்டு நம் காலைத் தொடுவது, எல்லாரும் பார்ப்பது. பெண் பிள்ளைகளுக்கு அது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. தேயிலைக் காட்டுக்குள் புகுந்து பள்ளிக்கூடம் போய்விட்டு, சேறும் சகதியுமாக வீட்டுக்கு வருவேன். பின்வாசலில் அத்தை பிடித்துக்கொள்வாள். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் என்னை உட்கார வைத்து, ஈர சாக்ஸை உரித்து, வெந்நீர் ஊற்றி, விரலிடுக்கில் இருக்கும் மண்ணை ஒவ்வொன்றாக நோண்டி எடுப்பாள். சுடுகிறது என்று நான் உதைப்பேன். அவள் கணுக்காலில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைப்பாள். துடைத்து முடித்ததும் இரண்டு பாதத்தையும் தன் சால்வைக்குள் வைத்துச் சூடு ஏறும்வரை பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது பெரிய தொல்லை. விளையாடப் போக வேண்டிய நேரம் அப்படியே போய்விடும்.

அத்தை அப்பாவின் தங்கை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கட்டுப் போடுகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம், அப்பா அண்ணன் முன்னால் வாயே திறக்க மாட்டார். கோயிலில் அத்தையைப் பார்ப்பதே அபூர்வம். ஞாயிறு பூசைக்கு ஓடி வந்து கடைசி வரிசையில் நிற்பாள், முடிந்ததும் ஓடிவிடுவாள். சாயங்காலச் செபக்கூட்டம், மாதா சபை எதிலும் அவள் கிடையாது. அந்த நேரத்தில் அவள் எங்கள் வீட்டுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் சிலோன் தாத்தாவின் புண்ணைக் கழுவிக்கொண்டிருப்பாள்.

சிலோன் தாத்தா எங்களுக்கு உறவில்லை. எங்கள் மதமும் இல்லை. அந்தக் காலத்தில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், பையன்கள் திருப்பூர் போனவர்கள் திரும்பவில்லை. சர்க்கரை வியாதியில் வலது பாதத்தில் ஆறாத புண். அத்தையோடு சில நாள் நானும் போவேன். அவள் முகம் சுளிக்காமல் துடைப்பாள். நான்தான் மூக்கைப் பொத்திக்கொள்வேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"கடல் தாண்டி வந்த காலு புள்ள. அதான் இம்புட்டுச் செல்லங் கொஞ்சுது."

அந்த வருடத் தவக்காலத்தில்தான் பெரியப்பாவுக்குப் பொறுக்க முடியாமல் போனது. கோயில் கமிட்டியில் யாரோ ஏதோ கேட்டுவிட்டார்களாம். ஒருநாள் குடும்ப செபம் முடிந்து, செபமாலை இன்னும் கையில் இருக்கும்போதே அத்தையைப் பார்த்துச் சொன்னார்.

"கல்யாணமாகாத பொண்ணு, லயத்துல போயி ஒரு ஆம்பளை காலப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறியாமா. ஈஸ்டர் வரைக்குந்தான் பாப்பேன். அதுக்கப்புறமும் நீ அந்த லயத்துக்குப் போறதா இருந்தா இந்த ஊட்ல இருக்க வேண்டாம்."

"புண்ணு ஆறிட்டு வருதுங்கண்ணா. இப்ப உட்டா காலையே எடுக்கோணும்னு டாக்டர் சொல்றாருங்க" என்றாள் அத்தை.

"அதப் பாக்க கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

 அத்தை இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அவளோ மறுநாளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். லயத்துக்குப் போகக்கூடாது என்றுதானே உத்தரவு? தாத்தாவைக் கோயில் பக்கம் வரச் சொல்லிவிட்டாள். அவரும் குச்சியை ஊன்றிக்கொண்டு மெல்ல மேலேறி வந்து, கோயிலுக்கு வெளியே மாதா சிலை வைத்த கெபியின் படியில் உட்கார்ந்திருப்பார். அங்கே வைத்தே கட்டு மாற்றுவாள். பெரிய வியாழனன்று பூசை முடிந்ததும் மாற்றுவதாகச் சொல்லி அவரை அங்கே உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்து நின்றாள்.

அன்றைக்கு ஒரு சங்கடம் வந்தது. பன்னிரண்டு நாற்காலியில் பதினொன்றுதான் நிரம்பியது. மேட்டுப்பாளையம் போயிருந்த ஒருவர் வந்த பஸ் மலைப்பாதையில் நின்றுபோய்விட்டதாம். பூசை தொடங்கி, பிரசங்கமும் முடியப் போகிறது. பூசை வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஆண்கள் பக்கம் போய் ஒவ்வொருவர் காதிலும் கெஞ்சிக்கொண்டிருந்தார். கோயில் நிறைய ஆண்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் தன் ஷூவைக் குனிந்து பார்த்துக்கொண்டார், இன்னொருவர் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். வீட்டில் தேய்க்காத காலை எப்படிச் சாமியார் முன்னால் நீட்டுவது?

முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் காலி நாற்காலி கண்ணை உறுத்தியது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சிலோன் தாத்தா அதில் உட்கார்ந்துவிட்டால்? பெரியப்பா இராயப்பர் என்றால் தாத்தாவும் ஒரு சீடர்தானே. சீடரின் புண்ணைக் கழுவினால் யார் குற்றம் சொல்ல முடியும்? அத்தை வீட்டிலேயே இருப்பாள். இதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பக்கவாசல் வழியாக வெளியே ஓடினேன். தாத்தா கம்பளிக் குல்லாவோடு கெபிப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"நா வேற சாமி கும்புடுற ஆளு புள்ள. உள்ளார வந்தா ஏசுவாங்க" என்றார்.

"சும்மா உக்காந்தாப் போதுங்க தாத்தா. இல்லாட்டி அத்தைய ஊட்ட உட்டுப் போகச் சொல்லிருவாங்க" என்றேன்.

 அவர் குச்சியை எடுத்துக்கொண்டு எழுந்தார். குல்லாவை நான்தான் கழற்றி வாங்கிக்கொண்டேன். பக்கவாசலில் நின்ற கோயில்பிள்ளை, வேட்டி கட்டிய ஒரு ஆண் கிடைத்த நிம்மதியில் மேலும் கீழும் பார்க்காமலே அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

பாட்டு தொடங்கியது. சாமியார் தட்டும் கூஜாவுமாகப் பெரியப்பாவிடம் ஆரம்பித்தார். பளபளவென்றிருந்த அந்தக் காலில் தண்ணீர் நிற்காமல் வழுக்கி ஓடியது. அப்படியே ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு கடைசி நாற்காலிக்கு வந்தார். அங்கே இரண்டு பாதங்கள். ஒன்றில் பழுப்பேறிய கட்டு, மற்றொன்றில் வெடிப்பும் தேயிலைக் கறையும். சாமியார் குனிந்தவர் அப்படியே நின்றார். பாட்டு நின்றுபோனது. முதல் நாற்காலியிலிருந்து பெரியப்பா எழுந்து வந்து, சாமியாரின் கழுத்துக்குப் பக்கத்தில் குனிந்து, இரகசியமாகத்தான் சொன்னார்.

"ஃபாதர், இவரு நம்ம ஆளு இல்லீங்க."

சாமியாரின் அங்கியில் மாட்டியிருந்த சின்ன மைக் பெரியப்பாவே அந்த வருடம் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்தது. நல்ல மைக். அந்த இரகசியம் கோயில் முழுக்கக் கேட்டது, வெளியே குழாய் ஒலிபெருக்கியில் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். தாத்தா நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார். 

கடைசி வரிசையிலிருந்து அத்தை நடந்து வந்தாள். ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் பெரியப்பாவைப் பார்க்கவே இல்லை. தாத்தாவின் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு, அவர் காலடியில் குந்தி, கட்டுப் போட்ட காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் கால்ல தண்ணி படக்கூடாதுங்க ஃபாதர். நா புடிச்சுக்கறேன், நீங்க அந்தக் கால்ல ஊத்துங்க."

அதுவும் மைக்கில் கேட்டது.  சாமியார் முழங்காலிட்டுத் தாத்தாவின் இடது காலைக் கழுவினார். மற்றவர்களுக்குக் கழுவியதைவிட அதிக நேரம் கழுவினார் என்றுதான் எனக்கு ஞாபகம். தாத்தா யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா ஈஸ்டருக்கு மறுநாள்வரைகூடப் பொறுக்கவில்லை. சபையில் வைத்து அத்தை தன் மானத்தை வாங்கிவிட்டாள், உடனே வீட்டை விட்டுப் போகட்டும் என்றார். இதை ஆரம்பித்து வைத்தது நான்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை, குழந்தை என்று விட்டுவிட்டார்கள். தாத்தாவைக் கூட்டி வந்தது நான் என்று அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் ஏறவில்லை. கூடலூரைத் தாண்டி ஓவேலிப் பக்கம் எஸ்டேட் ஆட்களுக்கென்று கன்னியாஸ்திரிகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் அத்தை முன்கூட்டியே வேலை கேட்டு வைத்திருந்தாள். சனிக்கிழமை காலை கூடலூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரத்தில் சிலோன் தாத்தா உட்கார்ந்திருந்தார், அங்கே அவருக்கும் ஒரு கட்டில் கேட்டு வாங்கியிருந்தாள். அப்பா பெட்டியை ஏற்றிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"ஈரக்காலோட தூங்காத சாமி" என்றாள். 

கால் அழுக்காக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எனக்குப் பட்டது. தாத்தாவின் கால் மட்டும் பெரியப்பாவின் கால் மாதிரி இருந்திருந்தால் அத்தை போயிருக்க மாட்டாள். அதனால் நான் என் காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, குழாய்த் தண்ணீரில் விரலிடுக்கெல்லாம் நோண்டி நோண்டிக் கழுவினேன். தண்ணீர் எலும்பில் குத்தும். கழுவிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருப்பேன். கீழே ரோட்டில் கூடலூர் பஸ் வரும், நிற்கும், போகும். அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருடம் பெரியப்பா மறுபடியும் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கெட்டவர் இல்லை. பிற்காலத்தில் அத்தை இறந்த செய்தி வந்தபோது செபமாலையைப் பிடித்தபடி வெகுநேரம் முற்றத்தில் நின்றவர் அவர். என்ன செபித்தார் என்று தெரியாது.

இந்த வருடம் என் முறை வந்தபோது கல்லால் தேய்த்த காலை நீட்டினேன். ஃபாதர் நல்லவர். குளிர்ந்த தண்ணீர் ஒரு கை விழுந்தது, துண்டு மேலாகப் பட்டது, முத்தமிட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார். என் கால் மட்டும் இன்னும் எதற்கோ காத்துக்கொண்டு நீட்டியபடியே இருந்தது. விரலிடுக்கில் ஒரு கை வர வேண்டும், கணுக்காலில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழ வேண்டும், பிறகு ஒரு சால்வைச் சூடு. பக்கத்தில் இருந்தவர் தொட்டுச் சொன்ன பிறகுதான் காலை இழுத்துக்கொண்டேன்.

இந்த நாற்காலிக்காக எத்தனை ஏங்கியிருக்கிறேன். பின்வாசலில், கவிழ்த்த வாளியின் மேல், சுடுகிறது சுடுகிறது என்று உதைத்துக்கொண்டு, தினமும் அதில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.