பெல்ட் கொக்கிக்குள் சந்தனம்

நிலாவுக்கு ராக்கெட் விடுகிறார்கள். எங்கள் பழைய காரில் முன்சீட் பெல்ட் ஒரு மாதமாக மாட்டவில்லை. கைக்குழந்தையோடு நான் உட்காரும் இடம் அது. ஒவ்வொரு பிரேக்குக்கும் உயிர் போய் வருகிறது.

இன்று கணவரைச் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். மெக்கானிக் கொக்கியைக் குடைந்து பார்த்தார்.

"துரு இல்லம்மா, சந்தனம் லா. யாரு பூசினது?"

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளிதோறும் ஸ்டியரிங் முதல் கொக்கிவரை பொட்டு வைப்பவர் இவர்தான்.

துடைத்ததும் டக்கென்று மாட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு வந்து குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தால், சந்தனக் கிண்ணத்தோடு காருக்குள் குனிந்திருக்கிறார்.

"ரிப்பேராகி வந்ததுக்கு ஒரு பொட்டு வைக்காம எப்படிம்மா?"

இனி அந்த பெல்ட் மாட்டப்போவதில்லை. பெல்ட்டுக்குப் பதிலாக எனக்கும் ஒரு பொட்டு வைத்துவிடச் சொல்லட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.