லியனார்ட் எடுத்த கோச்சிக் காட்சி

இலங்கையில், கொட்டகலைக் கடைவீதியில் லியனார்ட்டின் போட்டோக் கடைக்கு எழுபதுகளில் கூட்டம் குறைந்ததே இல்லை. தேயிலைத் தோட்டம் தோட்டமாக ஜனங்களை இந்தியாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்த காலம்; பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். அழுது வீங்கிய முகங்களை நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் படம் பிடித்தே அவர் நாலு காசு பார்த்தார். அந்தக் காசில் ஒரு சினிமா தயாரிக்கவேண்டும் என்பதுதான் அவர் கனவு. நம் ஜனங்களின் கதையை லயத்து வரிசை வீட்டில் பிறந்த ஒருத்தன்தான் எடுக்கவேண்டும் என்பார். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். நியாயமும் அறியாது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கதாநாயகியாகக் கிடைத்தவள் சண்முகவடிவு, மேல்தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண். தாயில்லாத அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா வீரம்மா. கொழும்பிலிருந்து வாடகைக்குக் கமரா எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. முக்கால் படம் முடிந்திருந்தபோது அவள் அப்பா செல்லசாமிக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வீரம்மாவின் புருஷனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. அவள் இங்கே, அப்பாவும் தங்கையும் அக்கரைக்கு. ஒரு வீட்டை இப்படி இரண்டாகக் கிழிப்பதற்குப் பெயர் இரு நாட்டு ஒப்பந்தமாம்.

லியனார்ட் லயத்துக்கே ஓடினார்.

"ஒரு மாசம் பொறுத்துப் போங்கண்ணே. படம் நின்னுபோயிரும்."

"எப்படிங்க பொறுக்கிறது?" என்றார் செல்லசாமி. "தோட்டத்துல பேரு வெட்டிட்டாங்க. நாங்க இருக்கிற காம்பராவுக்கு வேற ஆளு வர்றாங்க."

திரும்பி வரும் வழியிலேயே லியனார்ட் கதையை மாற்றிவிட்டார். கதாநாயகியும் ரயில் கோச்சி ஏறிப் போகிறாள். காதலனை ஸ்டேஷனில் விட்டுப் பிரிகிறாள். செட்டும் வேண்டாம், கூலிக்கு ஆளும் வேண்டாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் அது விழாமலில்லை.

அந்தக் கோச்சிக்கு ஜனங்கள் வைத்த பெயரே ஒப்பாரிக் கோச்சி. போகிறவர்களை இருக்கிறவர்கள் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் போலவே மாரடித்து ஒப்பாரி வைத்து அனுப்புவார்கள். இனிப் பார்க்கப்போவதில்லை என்று இரு பக்கத்துக்கும் தெரியும். வீரம்மாவும் விடியலிலேயே வந்து காத்திருந்தாள். ஆனால் ஜன்னலோரம் காதலனாக நடித்த றோலண்ட் நிற்கவேண்டுமே.

"கொஞ்சம் தள்ளி நில்லு வீரம்மா. இந்த ஒரு ஷாட்டு முடிஞ்சதும் போய்ப் பேசு" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினார் லியனார்ட்.

முதல் தடவை யாரோ கமராவைப் பார்த்துவிட்டார்கள். இரண்டாம் தடவை றோலண்ட் தடுமாறினான். மூன்றாவது சரியாக வந்தது. சண்முகவடிவின் அழுகையைப் பார்த்துக் கமராக்காரரே கண்ணைத் துடைத்தார். அதற்குள் கோச்சி நகர்ந்துவிட்டது. லியனார்ட் கையை விட்டதும் வீரம்மா ஓடினாள். எட்டவில்லை.

படம் பிடிக்கும்போது குரல் பதிவாகாது. பிறகு ஸ்டூடியோவில் பேசிச் சேர்க்கவேண்டும். சண்முகவடிவோ அக்கரையில். குரல் ஒத்துப்போகிறவள் வீரம்மா ஒருத்திதான். கேட்க நாக் கூசியது, ஆனாலும் கேட்டார். தங்கையைத் திரையில் பார்க்கலாம் என்பதற்காகவே அவள் கொழும்புக்கு வந்தாள்.

கோச்சிக் காட்சியைப் போட்டார்கள். 'என்னை மறந்துடாதீங்க' என்பது வசனம். வீரம்மா வாயே திறக்கவில்லை. மறுபடியும் போட்டார்கள்.

"அவ இதைச் சொல்லலீங்கண்ணே" என்றாள் மெதுவாக.

"பின்ன?"

"'எங்க அக்காவ விடுங்க'ங்கிறா. றோலண்டைப் பார்க்கலை, உங்களைப் பார்த்துத்தான் கேட்கிறா."

லியனார்ட் படத்தை நிறுத்தச் சொன்னார். காட்சியையே வெட்டிவிடலாம் என்றார்.

"வெட்டாதீங்க" என்றாள் வீரம்மா. "எனக்காக அழுத அவ மூஞ்சி அது ஒண்ணுதான்." காதலனிடம் சொல்வதாக எழுதிய வசனத்தைத் தங்கையின் வாய்க்குப் பொருத்திப் பேசிக்கொடுத்தாள்.

ஹட்டனில் படம் கொஞ்ச நாள் ஓடியது. அந்தக் காட்சிக்குக் கொட்டகையே மூக்கைச் சிந்தியது. பின்னால் நின்ற லியனார்ட் அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருப்பார், முன்வரிசையில் வீரம்மாவைப் பார்க்காதிருந்தால். தன் குரல் கேட்காதபடி இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டு, தங்கையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.