கோதண்டத்தின் இடத்தில்

சௌக்கத் அலி துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போன முதல் நாளே பேரைப் பறிகொடுத்தான். அந்தக் கூட்டத்து மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் போவான், ஆள் வருவான், பேர் மட்டும் மாறாது. கப்பலின் அடித்தட்டில் நிற்பவனை மேலிருந்து கத்திக் கூப்பிட வேண்டும், பழகின பேர்தான் சட்டென்று வாயில் வரும் என்பது அவர் கட்சி. கோதண்டம் விட்டுப்போன இடத்துக்கு வந்ததால் இவனும் கோதண்டமானான்.

"எம் பேரு சௌக்கத் அலிங்க."

"உனுக்கு முன்னால நின்னவனுக்கும் வேற பேருதான்யா. போய் வேலையப் பாரு."

அத்தா ஆசையாக வைத்த பேர். வெட்கக்கேடாக இருந்தது அவனுக்கு. வண்ணாரப்பேட்டை வீட்டில் ஜீனத்திடம் இதைப்பற்றி மூச்சுவிடவில்லை. புருஷன் பேரைச் சொல்லாத அவளுக்கோ, மகள் பேரை வைத்து, அவன் 'சபீஹா அத்தா'. தெருவில் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவன் பக்கத்து வீட்டு ரஷீது ஒருத்தன்தான். துறைமுகத்தில் வேறொரு கூட்டத்தில் இருந்த அவனுக்கு மட்டும் இந்தக் கோதண்டம் சங்கதி தெரியும். போனவர் முழுசாக வீடு திரும்பினால் போதும் என்பதைத் தவிர ஜீனத் எதையும் வேண்டிக்கொண்டதில்லை.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு நாள் சங்கிலி அறுந்து சரக்கு அவன்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. மேஸ்திரி புதிதாய்ச் சேர்ந்த இரண்டு ஆட்களிடம் தெருவைச் சொல்லி, உடம்பைக் கைவண்டியில் அனுப்பினார்.

ஜீனத் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது வண்டி வந்து நின்றது.

"இன்னாமா, கோதண்டம் வூடு எது?"

சாக்குப் போட்டு மூடிய உடம்பைக் கண்டு கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள். பேரைக் கேட்டதும் நிம்மதியாயிற்று. அவளைக் குறை சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது?

"இந்தத் தெருவுல அப்டி யாரும் இல்ல நைனா. அடுத்த சந்துல கேட்டுப் பாருங்க. பாவம், எவ வூட்டுக்காரரோ."

வண்டி நகர்ந்தது. 'அல்லா, எங்க வூட்ட நீதான் காப்பாத்தணும்' என்று முணுமுணுத்துக்கொண்டு மிச்ச மீனை எடுத்தாள்.

துறைமுகத்தில் சேதி கேட்டு ஓடிவந்த ரஷீது, வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்த வண்டியை அடுத்த சந்தில் மறித்துத் திருப்பிக்கொண்டு வந்தான். சாக்கை விலக்கியதும் தெருவே கூடி அழுதது. ஜீனத்துக்கு அழுகை வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாசல் வரைக்கும் வந்துட்டாரு. நான்தான் அடுத்த சந்துக்குப் போகச் சொன்னேன்."